படத்துக்குப் பணம் கேட்டு வந்தால்...

கடை வைத்திருப்பவனிடம் பலரும் பலதுக்கும் பணம் கேட்டு வருவது வழமை. கோயில் திருவிழா, பள்ளிவாசல் கட்டட நிதி, விளையாட்டுக் கழகத்துக்கு உடுப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். இப்போது அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "படம் எடுக்கப் போகிறோம், உதவி செய்யுங்கள்" என்று தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். பூனாகலையில் என்னிடமும் வருகிறார்கள். பண்டாரவளை, பதுளை நண்பர்களிடமும் போகிறார்களாம்.

நாம் வழமையாக இரண்டு பதில்களில் ஒன்றைச் சொல்கிறோம். ஒன்று, ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் வைத்து அனுப்பிவிடுவது. மற்றது, "போய் ஒரு வேலையைத் தேடு தம்பி" என்று புத்தி சொல்வது. முதலாவதில் பணமும் திரும்பாது, படமும் வராது. இரண்டாவதில் ஒரு பிள்ளையின் மனம் உடையும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது வியாபாரிக்கு நன்றாக விளங்கக் கூடிய வழி.

எந்தக் கட்டத்தில் பணம் போடுவது?

ஒரு படத்துக்கு நான்கு கட்டங்கள் உண்டு. கதையை எழுதுவது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டி ஒலி சேர்ப்பது, மக்களிடம் கொண்டு போவது. வருகிற பிள்ளைகளில் அநேகர் இரண்டாவது கட்டத்துக்குத்தான் பணம் கேட்கிறார்கள். கெமரா வாடகை, வேன் கூலி, சாப்பாடு. ஆனால் படம் கெட்டுப் போவது பெரும்பாலும் முதலாவது கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும்தான். எழுத்தில் இருக்கும் பிழையைத் திருத்த ஒரு பேனை போதும். அதே பிழையைப் படப்பிடிப்பில் கண்டுபிடித்தால் இருபது பேரின் ஒரு நாள் கூலி வீண்.

இதனால்தான் உலகில் புதிய படைப்பாளிகளுக்கு உதவும் நிதியங்கள் எழுத்துக் கட்டத்திலேயே கை கொடுக்கின்றன. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழா 1988ஆம் ஆண்டு ஹியூபர்ட் பால்ஸ் நிதியத்தை ஆரம்பித்தது. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் படைப்பாளிகளுக்குத் திரைக்கதையை வளர்த்தெடுக்கவும் அது பணம் கொடுத்து வந்திருக்கிறது. இந்தியாவில் 2007இல் கோவாவில் தொடங்கிய பிலிம் பசார் சந்தையில், எடுத்து முடிக்காத படங்களின் திட்டங்களைத் தயாரிப்பாளர்கள் முன்னால் வைத்துப் பங்காளி தேடுகிறார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், அந்த நாட்களில் திரைக்கதையைப் பரிசீலித்துத் தயாரிப்புக் கடன் வழங்கியது. 2005இல் விமுக்தி ஜயசுந்தரவின் முதற் படமான "சுலங்க எனு பினிச" கான் விழாவில் கெமரா டோர் விருது பெற்றது. அது பிரான்ஸ் நாட்டுப் பங்காளிகளோடு சேர்ந்து எடுக்கப்பட்ட படம். அப்படியான பங்காளி கெமராவைப் பார்த்து வருவதில்லை. தாளில் இருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் வருகிறார்.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்கள் சொல்லும் பாடம்

இலங்கைத் தமிழ்ப் படங்களில் மலையகத்துக்கு ஆரம்பத்திலேயே இடம் இருந்தது. 1963இல் வந்த "தோட்டக்காரி" தோட்டத் தொழிலாளர் கதை. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் "புதிய காற்று" படத்தைக் கொண்டு வந்தார். 1972இல் "குத்துவிளக்கு" படத்துக்குப் பணம் போட்டவர் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா. சினிமாவே தொழிலாக இல்லாதவர்கள்தான் அன்று துணிந்து முதல் போட்டார்கள்.

ஆனால் சந்தை சிறியது. அதே தியேட்டரில், அதே டிக்கட் விலைக்குத் தமிழ்நாட்டுப் பெரிய நடிகரின் படம் ஓடும்போது நம் படத்தை யார் பார்ப்பார்? "கோமாளிகள்" இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தந்தது. வானொலியில் "கோமாளிகளின் கும்மாளம்" என்று பிரபலமான நாடகம் 1976இல் படமானது. மரைக்கார் பாத்திரத்தில் வந்த எஸ். ராமதாஸை "மரைக்கார் ராமதாஸ்" என்றே மக்கள் அழைத்தார்கள். படம் வருவதற்கு முன்பே கேட்டுப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். கடை திறப்பதற்கு முன்பே வாடிக்கையாளரைச் சேர்ப்பது என்பது இதுதான்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. அதன் பின்னர் நீண்ட காலம் தமிழ்ப் படத் தொழில் தலை தூக்கவில்லை. 2013இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுமதி சிவமோகன் மலையக மக்களைப் பற்றி "இங்கிருந்து" படத்தை எடுத்தார். அதற்கும் "தோட்டக்காரி"க்கும் இடையில் ஐம்பது வருடம்.

இரண்டு ரூபா முதலாளிகள்

நம்மைப் போன்ற சிறிய வியாபாரிகளுக்குப் பொருத்தமான உதாரணம் குஜராத்தில் இருக்கிறது. 1976இல் ஷியாம் பெனகல் "மந்தன்" என்ற படத்தை எடுத்தார். பால் கூட்டுறவுச் சங்கம் ஒரு கிராமத்தில் எப்படி உருவாகிறது என்பதுதான் கதை. இதற்குப் பணக்காரர் யாரும் பணம் போடவில்லை. பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 இலட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபா கொடுத்தார்கள். மொத்தம் 10 இலட்சம். படம் வந்ததும் அவர்களே லொறி லொறியாக வந்து "எங்கள் படம்" என்று பார்த்தார்கள். 2 ரூபா போட்டவன் டிக்கட்டும் வாங்கினான். அந்தப் படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. 2024இல் புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் விழாவில் காட்டப்பட்டது.

கேரளத்தில் ஜோன் ஏபிரகாம் 1986இல் "அம்ம அறியான்" படத்தை எடுத்ததும் மக்களிடம் சேர்த்த பணத்தில்தான். ஒடேசா என்ற குழு ஊர் ஊராகப் போய்ச் சிறு தொகைகளைச் சேர்த்தது. அது இலாபம் எதிர்பார்க்காத நன்கொடை. இரண்டு வழியும் நல்ல வழிதான். ஆனால் எந்த வழியில் போகிறோம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். நன்கொடை என்று வாங்கிய பணத்துக்குப் பிறகு பங்கு கேட்பதும், பங்கு என்று வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டாமல் விடுவதும் மனஸ்தாபத்தில்தான் முடியும்.

நாம் செய்யக் கூடியது

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். இருபது வியாபாரிகள் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா போட்டால் இரண்டு இலட்சம். ஒருவருக்கும் இது பெரிய நட்டமாகாது. இதை ஒரே தடவையில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம்.

1. முதலில் கதையை மூன்று பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். யார் பார்ப்பார்கள், எங்கே காட்டுவது என்று நான்காவது பக்கத்தில் எழுதட்டும். இதற்குப் பணம் வேண்டாம்.

2. கதை பிடித்தால், முழுத் திரைக்கதை எழுதும் மாதங்களுக்கு எழுதுபவரின் செலவைக் கொடுங்கள். எழுதும் பிள்ளைக்கும் வீட்டில் அரிசி வேண்டும்.

3. பின்னர் பதினைந்து நிமிடக் குறும்படம். வெளிநாட்டு நிதியங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் முன்பு செய்த வேலையைக் காட்ட இது உதவும்.

4. பாடசாலை மண்டபத்திலும் தோட்டத்து மண்டபத்திலும் காட்டுங்கள். அதற்கு வேண்டிய தணிக்கை அனுமதியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். முதல் யாருடையது, வருமானம் வந்தால் முதலில் எது கழியும், மிச்சம் என்ன விகிதம் என்பது தெளிவாக இருக்கட்டும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் முழாரபா முறை நமக்குத் தெரிந்ததே. இலாபம் பேசிய விகிதப்படி. நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகிறது, உழைத்தவருக்கு உழைப்புப் போகிறது. பட வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பந்தத்தை நான் காணவில்லை.

6. கதையின் உரிமை எழுதியவருக்கே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிவு செய்யாமலே அந்த உரிமையைக் கொடுக்கிறது. பத்தாயிரம் கொடுத்துவிட்டு ஒரு பிள்ளையின் கதையைச் சொந்தமாக்கப் பார்ப்பது வியாபாரம் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் போட்டதற்காக மருமகனைக் கதாநாயகனாக்கச் சொல்வதும், கடைப் பெயர்ப் பலகையை ஐந்து தடவை காட்டச் சொல்வதும் வேண்டாம். தச்சனுக்குப் பலகை வாங்கிக் கொடுத்தால் உளி அவன் கையிலேயே இருக்கட்டும். கணக்கைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. காட்சியை மாற்றுவதற்கு இல்லை.

"சினிமா நமக்கு எதற்கு?" என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். ஆட்டம் பாட்டம் உள்ள படங்களுக்குப் பணம் போடச் சொல்லி நான் எழுதவில்லை. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. கெமராக்கள் வந்தன, போயின. வந்தவர்கள் எடுத்தது செய்தி. அந்த இரவு, அதற்குப் பின் தற்காலிக இடங்களில் கழிந்த நாட்கள், காணிக்காகக் காத்திருப்பது, இவற்றையெல்லாம் அங்கே வாழ்ந்த பிள்ளை எழுதினால் வேறு மாதிரி இருக்கும். அந்த மக்கள் நம் கடைகளில் சம்பளத்துக்குச் சம்பளம் கொப்பிக் கணக்கில் சாமான் வாங்குபவர்கள். அவர்களின் வீட்டுக் கஷ்டம் எந்த மாதம் கூடியது, எந்த மாதம் குறைந்தது என்று நம் கொப்பியே சொல்லும். அவர்கள் கதை எழுதப்படுவதற்கு நாம் பங்காளியாக இருப்பதில் தவறேதும் இல்லை.

எனவே அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து, "முதலாளி, படம் எடுக்க உதவி செய்யுங்கள்" என்று கேட்டால் உடனே லாச்சியைத் திறக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். உட்கார வைத்து ஒரு தேத்தண்ணீர் கொடுத்து, "கதையை எழுதி வைத்திருக்கிறாயா? யார் பார்ப்பார்கள்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வருபவரோடு பேசத் தொடங்கலாம்.