கோழி படுத்த அடுப்பு

அன்புள்ள கயல்,

தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்துவிட்டாயாமே. "சம்பளம் கம்மிதான், ஆனா நாலு பேருக்கு நல்லது பண்ற வேலை" என்று அண்ணன் போனில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த நாலு பேரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் வயதில் நானும் அப்படியோர் இடத்தில் இருந்தேன். ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தோம். கைநாட்டு வாங்கி, அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அறிக்கை அனுப்பினோம். பாராட்டுக் கடிதமும் வந்தது. மறுவருஷம் வேறு வேலையாக அங்கே போனால், ஒரு வீட்டு அடுப்புக்குள் அடைக்கோழி படுத்திருக்கிறது. வீட்டம்மா வாசலில் மூன்று கல் கூட்டிச் சமைக்கிறார். "உங்க அடுப்புல என் பானை உட்காரலம்மா" என்றார். பானையின் அளவை நாங்கள் கேட்டதே இல்லை.

பங்களாதேஷின் 'பிராக்' நிறுவனத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கணக்குப் பார்த்த ஃபசலே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்க, 1980 முதல் பத்தாண்டு அதன் பெண் ஊழியர்கள் வீடுவீடாகப் போனார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எதையும் கொடுக்கவில்லை, கரைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள். எனக்குப் பிடித்தது அந்தச் சம்பளக் கணக்கு. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி.

அதிலும் ஓட்டை. தாய்மார் சரியாகக் கரைத்துக் காட்டினார்கள்; பிள்ளைக்கு நோய் வந்தபோது பலர் கொடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரைதான்! வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசவில்லை. பிறகு ஊழியர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தார்கள்; சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள்.

அரசு செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்று மட்டும் பேசித் திரியாதே. ரேஷன் கடையும் தடுப்பூசியும் போய்ச் சேரும் தூரத்துக்கு நம்மால் போக முடியாது. திரும்பிப் போய்ப் பார்க்கலாம், தப்பென்றால் அடுத்த மாதமே மாற்றலாம். சின்ன நிறுவனத்துக்கு அந்தச் சௌகரியம் உண்டு. ஆனால் நிதி தருகிறவர்களின் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. நீயே ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்து வா. நீ கொடுத்ததில் எது கோழிக்கூடானது என்று பார்ப்போம். என்னிடம் இன்னும் இரண்டு கதை இருக்கிறது.

அன்புடன்,
அத்தை