ஒரகடத்துக்குக் குடிமாறுகிறீர்களா? சாமானுக்கு முன்னால் சான்றுகள் நகரட்டும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எனக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வரிசையாக நிற்கும் சிப்காட் பூங்காக்களில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று பலதும் தயாராகின்றன. இங்கே வேலை கிடைத்துத் தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டா பகுதியிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "லாரிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் லாரி ஒரே இரவில் வந்து சேர்ந்துவிடும். பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு, ரேஷன், ஆதார் முகவரி ஆகியவை வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். எனவே சாமான் கட்டுவதோடு சான்றுகளை மாற்றுவதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தென்காசியிலிருந்து சுமார் 600 கி.மீ. தாண்டி ஒரகடம் வரும் நான்கு பேர் குடும்பம் ஒன்றை உதாரணமாக வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் ஆள், பிறகு வீடு

வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, பயிற்சிக் காலமா? பணி ஆணையை எடுத்து இதை முதலில் பாருங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ மட்டும் என்று இருந்தால், மொத்த வீட்டையும் கிளப்பிக்கொண்டு வருவது சரியாக இருக்காது. ஒப்பந்தம் நீடிக்காவிட்டால் அதே சாமானுக்கு இன்னொரு முறை லாரி பிடிக்க வேண்டும்; பிள்ளைகளும் மறுபடி பள்ளி மாற வேண்டும்.

வேலைக்கு வருபவர் மட்டும் முதலில் வந்து இரண்டு, மூன்று மாதம் தங்கிப் பார்க்கலாம். சமையலுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும். அதை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டி வாங்க முடியும். தனியாக வரும் பெண் தொழிலாளர்கள், தங்கள் நிறுவனம் விடுதி தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டுள்ளது.

வேலை உறுதியானதும், பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் குடும்பம் வரட்டும்.

2. வீடு பார்க்கும்போது

வாடகையைப் பேசுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

• மழைத் தண்ணீர்: ஒரகடத்தில் வேலை செய்யும் பலர் படப்பை, மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வீடு பார்க்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வரதராஜபுரமும் முடிச்சூரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. எந்த ஊராக இருந்தாலும், "2015-லயும் மிக்ஜாம் புயலப்பவும் இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சு?" என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள்.

• மாடிப்படி: படிக்கட்டின் அகலம், திருப்பம், வாசல் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஏற்றி வந்த பீரோ மாடித் திருப்பத்தில் திரும்பாமல் நின்றால், இறக்குகூலி ஒரு பக்கம், பீரோவை என்ன செய்வது என்ற கவலை இன்னொரு பக்கம்.

• ஒப்பந்தம்: நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. "பத்து மாச அட்வான்ஸ்" என்று கேட்டால், இந்த விதியைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

பதிவு செய்த ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டால், பின்னால் வரும் முகவரி மாற்றங்கள் எளிதாகும்.

3. சொந்த ஊரில் முடிக்க வேண்டியவை

பள்ளி: மாற்றுச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 8-ஆம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது. பிள்ளை ஒரு நாள்கூட வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

கேஸ்: சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். அது ஆபத்து. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, இணைப்பு முடிப்புச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஊர் ஏஜென்சியில் அந்தச் சீட்டைக் காட்டி, அன்றைய வைப்புத்தொகையைக் கட்டினால் இணைப்பு தொடரும். அடுப்பு, டியூப் உங்களுடையது; அவற்றைக் கொண்டுவரலாம்.

உடல்நலம்: வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட்டு, பிக்மி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், மருந்துச் சீட்டோடு ஒரு மாத மாத்திரையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. எதை ஏற்றுவது, எதை விடுவது?

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிக் கேளுங்கள்: இதைக் கொண்டுபோகும் செலவில் அங்கேயே வேறொன்று வாங்கிவிட முடியுமா? பிளாஸ்டிக் நாற்காலி, இத்துப்போன மெத்தை, கால் ஆடும் மேஜை ஆகியவற்றை ஊரிலேயே கொடுத்துவிடலாம். கிரைண்டர், பிரிட்ஜ், தையல் மெஷின், அம்மா வீட்டு அண்டா ஆகியவை வரட்டும்.

5. கட்டும் முறை

• கனமான பொருள் சின்னப் பெட்டியில், லேசான பொருள் பெரிய பெட்டியில். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்.
• எவர்சில்வர் பாத்திரங்களை அண்டாவுக்குள் அடுக்கிச் சாக்கில் கட்டலாம். கண்ணாடி, பீங்கானுக்குப் பழைய புடவை, வேட்டி, போர்வையே நல்ல மெத்தை. தனியாகப் பஞ்சு வாங்க வேண்டாம்.
• கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள்.
• பிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். நின்ற வாக்கிலேயே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியதும் உடனே ஸ்விட்ச் போடாமல் சில மணி நேரம் விடுங்கள்.
• கட்டில் கழற்றும்போது போல்ட், நட்டை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள்.
• ஊறுகாய், எண்ணெய் ஜாடிகளின் மூடிக்குக் கீழே பாலிதீன் வைத்து இறுக்கி, துணிப் பெட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.
• பெட்டியின் பக்கவாட்டில் எண்ணும், புது வீட்டில் எந்த அறைக்கு என்பதும் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. அதே எண்களை ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

பால் காய்ச்சும் பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, அரிசி, உப்பு, மாற்றுத்துணி, டார்ச் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அந்தப் பெட்டியைக் கடைசியில் ஏற்றினால் முதலில் இறங்கும். புது இணைப்பு வரும்வரை பால் காய்ச்ச, முன்பு வாங்கிய சிறிய சிலிண்டர் உதவும்.

6. லாரி பேசும்போது

ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் வண்டி சுலபமாகக் கிடைக்கும். பேரம் பேசவும் இடம் உண்டு. மாதக் கடைசியும் முகூர்த்த நாட்களும் நெருக்கடியானவை.

"மொத்தம் இவ்வளவு" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கான கூலி, சுங்கக் கட்டணம் அனைத்தும் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். சாமானை ஏற்றிய பிறகோ வீட்டு வாசலிலோ கூடுதல் பணம் கேட்கும் புகார்கள் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன. முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். வண்டி எண்ணையும் சரக்கு ரசீதையும் படம் எடுத்து வையுங்கள்.

பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை. ஓட்டுநரிடம் சாமான் பட்டியலின் ஒரு நகலைக் கொடுத்துவிட்டால் வழியில் கேட்டாலும் காட்டலாம்.

தெற்கிலிருந்து வரும் வண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி ஒரகடம் வரும். காலையும் மாலையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாலையை நிறைத்திருக்கும். அதற்கு முன்போ பின்போ வந்து சேரும்படி நேரம் சொல்லுங்கள்.

சேதம், ஏமாற்றம் என்றால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

7. வந்த முதல் மாதம்

• முதல் நாளே மின் மீட்டரைப் படம் எடுங்கள். பழைய குடியிருப்பாளர் பயன்படுத்திய யூனிட் உங்கள் தலையில் விழாது.
• ரேஷன்: முகவரி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கலாம்.
• ஆதார்: குடும்பத் தலைவரின் முகவரியை முதலில் மாற்றுங்கள். அவர் ஒப்புதலோடு மற்றவர்கள் இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் பயன்பாட்டில் இருக்க வேண்டும்.
• ரேஷன் கார்டு முகவரி: ஆதார் மாறியபின் இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள்.
• வாக்காளர் பட்டியல்: இடமாற்றத்துக்குப் படிவம் 8.
• இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் மருந்தகத்தைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லாரியில் ஏற்றக்கூடாத பை

ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கேஸ் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பணி ஆணை, வங்கிப் புத்தகம், நகை, பீரோ சாவி. இந்தப் பை உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

உதவி எண்கள்

நுகர்வோர் உதவி: 1915
ரேஷன்: 1967
பள்ளிக் கல்வி: 14417
வாக்காளர் உதவி: 1950
கேஸ் கசிவு அவசர உதவி: 1906