பழைய எண், புதிய எண்

முதுநிலை உயிரித் தொழில்நுட்பம் படித்தபோது, மூன்று நாட்டு மாணவர்கள் சேர்ந்து மார்பகப் புற்றுநோயின் மரபணுத் தரவுகளை ஆராயும் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது. சென்னையில் என் அறையிலிருந்தே வேலை.

மூன்றாம் வாரம் ஒரு சிக்கல். டிபி53 மரபணுவில் ஒரே பிறழ்வு. என் பட்டியலில் ஓரிடம், ஜெர்மனி மாணவியின் பட்டியலில் வேறிடம். ஏறத்தாழ 97 ஆயிரம் எழுத்துகள் தள்ளி! இரண்டு நாள் நிரலைத் துருவினேன். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டபோது அவள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "நீ எந்தப் பதிப்பு?" என்னுடையது 2009இல் வெளியான மனித மரபணுத்தொகுதி 37ஆம் பதிப்பு. அவளுடையது 2013இல் வந்த 38. சென்னை வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, அதேதான். வீடு ஒன்று, எண் வேறு.

அன்றிலிருந்து என் கோப்புகளின் முதல் வரியில் பதிப்பு எண், தரவிறக்கிய தேதி, மென்பொருளின் பெயர் மூன்றும் இருக்கும். கேள்வியையும் முழுதாக எழுதி அனுப்புவேன்: என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது. நாம் தூங்கும் நேரத்தில் மற்ற நாட்டு மாணவர்கள் படித்துப் பதில் எழுத அது போதும்.

இன்னொன்றும் கற்றேன்: மரபணுப் பட்டியலை எக்செலில் திறக்கக் கூடாது. மார்ச்1 என்ற மரபணுவை அது தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2020இல் அதற்கு மார்ச்எஃப்1 என்று பெயர் மாற்றினார்கள்.

நாங்கள் பயன்படுத்தியது அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் தரவு. 33 வகைப் புற்றுநோய்கள், 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மாதிரியின் குறியீட்டில் 01 என்றால் கட்டி. 11 என்றால் அதே ஆளின் நலமான திசு. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். நம் ஊர்ப் பெண்களின் தரவும் இப்படித் திரள வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு அங்கேதான் பிறந்தது.

டிசிஜிஏ தரவில் ஒரு நெடுவரிசை, நோய் கண்டறிந்த நாளிலிருந்து இறப்பு வரை எத்தனை நாள் என்பது. பல கட்டங்கள் காலி. தகவல் விடுபட்டிருக்கிறது என்று நினைத்து அந்த வரிகளை நீக்கி, எத்தனை நாளில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்ற வரைபடத்தை வரைந்தேன். வழிகாட்டி தடுத்தார்: "நீக்காதீங்கம்மா. அவங்க கடைசியா பரிசோதனைக்கு வந்தப்போ உயிரோட இருந்தவங்க."

அத்தனை வரிகளையும் திரும்பச் சேர்த்து, ஒவ்வொருவரும் கடைசியாக வந்த நாளை எடுத்துக் கணக்கிட்டேன். வரைபடத்தில் கோடு மேலேறியது.