ஒரு நாளுக்குரியது

நிலையற்ற பொருட்களைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘எபெமெரா’ என்றொரு சொல் உண்டு. பஸ் ரிக்கற், விளம்பரத் துண்டு, திருவிழா அறிவித்தல் முதலாய்ச் சிலநாட் தேவைக்கென அச்சிடப்பட்டவை யாவும் இப்பெயர் பெறும். அற்பமென நாம் எறிந்துவிடும் பொருட்களே இவை. ஆனால், அச்சொல்லின் பிறப்பு நமக்கு வேறு பாடம் புகட்டுகின்றது.

இது கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘எபி’ என்றால் மேல். ‘ஹேமெரா’ என்றால் நாள். இரண்டும் சேர்ந்த ‘எபேமெரொஸ்’ ஒரு நாளுக்குரியது, ஒரு நாள் நிலைப்பது எனப் பொருள்படும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் என்னும் அறிஞர், ஒரே நாள் வாழ்ந்து மடியும் பூச்சியொன்றுக்கு இப்பெயர் வழங்கியதைக் குறித்துள்ளார். 1751இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன், நாளாந்தப் பத்திரிகை எழுத்துக்களுக்கு இச்சொல்லை வழங்கினார். இவ்வாறு பூச்சியின் பெயர் காகிதத்துக்கும் வந்தது.

வேதாகமத்திலும் இச்சொல்லின் குடும்பத்தைக் காணலாம். லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், சக்கரியாஸ் குரு அபியாவின் பிரிவைச் சேர்ந்தவர் என வாசிக்கிறோம். ஆலயத்தில் முறைவைத்துப் பணிசெய்த அப்பிரிவுக்குக் கிரேக்க மூலத்திலுள்ள பெயர் ‘எபேமெரியா’.

‘எபேமெரொஸ்’ என்னும் சொல்லோ புதிய ஏற்பாட்டில் ஒரேயொரு இடத்தில்தான் வருகின்றது. அது யாகப்பர் திருமுகம், 2ஆம் அதிகாரம், 15ஆம் வசனம். உடையின்றி, அன்றாட உணவின்றி நிற்கும் சகோதர சகோதரிகளைப் பற்றி யாகப்பர் பேசுகின்றார். அந்த ஒருநாள் உணவையே இச்சொல்லால் குறிக்கின்றார். அவர்களுக்கு நல்வார்த்தை மட்டும் சொல்லி, வெறுங்கையுடன் அனுப்புவதால் பயன் என்ன என்பதே அவருடைய கேள்வி.

அன்று உழைத்து அன்று உலையேற்றுபவரை நாம் ‘அன்றாடங்காய்ச்சி’ என்கிறோம். அவருக்கு ஒரு நாள் என்பது சிறிய காலமன்று. உலகப் பொருள் நிலையற்றது என்று அடிக்கடி கேட்டுப் பழகிய நாம், அவருடைய பசியையும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. இன்று உண்ட சோறு நாளைக்கு நில்லாது, உண்மைதான். ஆனால், இன்று சோறில்லாத வீட்டில் நிலையாமையைப் போதிப்பது ஞானமாகாது. நிலையாதது வேறு, பயனற்றது வேறு.

பெற்றோரே, இன்றிரவு செபத்தின்பின் அவ்வதிகாரத்தின் 14 முதல் 17 வரையுள்ள வசனங்களைப் பிள்ளைகளுடன் வாசியுங்கள். பின்பு, நம் ஒழுங்கையில் இன்று உலையேறாத வீடு எது என்று விசாரியுங்கள்.