கடிவாளம் கற்பிக்கும் பாடம்

‘பாடி’ என்னும் சொல்லுக்கு ஊர் என்றும் படை தங்குமிடம் என்றும் பொருள் உண்டு. ஆலைகள் சூழ்ந்த பாடியில் வாழும் நாம், படைக்குரிய புரவியைப் பயிற்றும் கலையை ஈண்டுச் சிறிது காண்போம்.

நம் இலக்கியம் குதிரையின் நடையை ஐங்கதி எனப் பகுக்கும். ஐரோப்பியரின் ‘டிரெஸ்ஸாஜ்’ பயிற்சியோ ஆறு படிகளை உடையது: சீரான நடை, உடல் நெகிழ்வு, கடிவாளத்தோடு இசைவு, உந்தும் ஆற்றல், நேர்கோட்டில் செல்லும் ஒழுங்கு, பின்னங்கால்களில் எடை தாங்கும் ஒடுக்கம். அமெரிக்க மாட்டிடையர் வழிவந்த ‘வெஸ்டர்ன்’ ஏற்றத்தில் வீரர் ஒரு கையால் கடிவாளத்தைத் தளரப் பிடிப்பர். கயிறு வீச மறுகை வேண்டும்.

முன்னதன் முறை பின்னதற்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். இளங்குதிரையை முதலில் இரு கைகளாலும் கால் குறிப்பாலும் வட்டங்களில் பயிற்றுவர். அது குறிப்பறியுந்தோறும் பிடியைத் தளர்த்துவர். முடிவில் கடிவாளம் கழுத்தில் பட்டாலே திரும்பும். இந்நெறிக்கென 2010இல் அமெரிக்காவில் ஒரு சங்கமும் தோன்றியது.

இம்மரபு நமக்கு அயலன்று. குதிரைவீரனைக் குறிக்கும் ‘ஹினேத்தே’ என்னும் ஸ்பானியச் சொல், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான ஸெனாத்தா குலத்தார் பெயரால் அமைந்தது. ஸ்பானியர் வழியே அவ்வேற்றக்கலை அமெரிக்கா சென்றது. நம்மிடை வழங்கும் ‘இராவுத்தர்’ என்னும் பெயரும் குதிரைவீரரைச் சுட்டுவதே.

வற்புறுத்திச் செய்விப்பதில் அழகில்லை என்பது கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோனின் கருத்து. வகுப்பறைக்கும் அது பொருந்தும். அச்சத்தால் கற்ற மாணவர் ஆசிரியர் அகன்றதும் மறப்பர். தளர்த்தும் நாளை எண்ணியே நாம் கடிவாளத்தைப் பிடித்தல் வேண்டும்.