மருந்தாளுநர் வீடு வரை வர வேண்டுமா?

கேள்வி: தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே தருகிறதே, கிராமத்து வீடுகளுக்கு மருந்தாளுநரும் வர வேண்டுமா?

பதில்: வர வேண்டும். 2021-இல் தொடங்கிய அத்திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் மாத்திரை கைக்கு வருவது வேறு, சரியாகச் சாப்பிடுவது வேறு. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயர்களில் ஒரே டப்பாவில் கிடந்தால், முதியவர் இரண்டையும் விழுங்கி, சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடக்கூடும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதற்கு என்ன வழி என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். போனில் கேட்டால் போதாதா என்பார்கள். அட்டையில் உள்ள பெயரைப் படிக்கத் தெரியாதவரிடம் போனில் எதைக் கேட்பது? உண்மையான தடை வேறு. மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். சிற்றூர்க் கடையில் அவர் ஒருவரே இருந்தால், வெளியே போனதும் வியாபாரம் நின்றுவிடும். சட்டத்தைத் தளர்த்துவது ஆபத்து. வீட்டு ஆலோசனைக்கென்றே அரசு சம்பளம் கொடுத்து, வட்டாரத்துக்கு ஒருவரையாவது அமர்த்துவதே நியாயமான வழி.