மூடி வைத்த பாத்திரமும் பிள்ளையின் வளர்ச்சியும்

உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தினுள் விடலாகாது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இவ்விரு கட்டளைகளும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளன. நாம் இவற்றை அறிவோம். ஆனால், பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் வேளையில் நினைவுகூருகிறோமா?

வயதுக்கேற்ற உயரமின்றிப் பிள்ளை குன்றிப் போவது ஒரு குறைபாடு. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வருள் ஒருவர் இந்நிலையில் இருந்தனர். 'பரம்பரையே குட்டை' என்று நாம் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். வயிறார உண்ணும் வீடுகளிலும் இக்குறை உண்டே, ஏன்?

அசுத்தமான உணவோடு செல்லும் கிருமிகள் குடலின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது, பசி மந்தமாகிறது, உண்ட சத்தும் உடலில் சரிவரச் சேர்வதில்லை. முதல் இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக மீட்பது கடினம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு மற்ற உணவைச் சேர்த்தாலும், பாலூட்டுதலை நிறைவு செய்ய விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் (2:233) கூறும் முழு இரண்டாண்டுகள் வரை தாய்ப்பாலைத் தொடர்வது நன்று. வெளி உணவு தொடங்கும்போதுதான் ஆபத்தும் தொடங்குகிறது. எனவே, தாய்மார்களே, கவனியுங்கள்!

ஒளுச் செய்த கைதானே என்று இருந்துவிடாதீர்கள். மலஜலம் கழித்த பின்பும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலையில் காய்ச்சிய கஞ்சியை அஸர் நேரத்தில் ஊட்டாதீர்கள். மூடியே இருந்தாலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த உணவில் கிருமி பெருகும். இறைச்சி அரிந்த கத்தியைக் கழுவாமல் பழம் நறுக்காதீர்கள். பால்புட்டியைவிடக் கிண்ணமும் கரண்டியும் கழுவுவதற்கு எளிது. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

சுத்தம் மட்டும் போதுமா? போதாது. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வுகளில், குடிநீர், கை கழுவுதல், கழிப்பிட ஏற்பாடுகள் மட்டும் உயரத்தைக் கூட்டவில்லை. சத்துணவும் சேர்த்துக் கொடுத்த இடத்தில் சிறிதளவு கூடியது. ஆகவே முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவையும் பிள்ளையின் தட்டுக்கு வர வேண்டும். அவற்றை வாங்கித் தருவது தந்தையின் கடமை. பழியைத் தாய்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணிக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.